குமிழி வராத இஞ்சி சோடா: ராமநாதபுரம் கரையில் வீட்டில் நொதிக்கவைப்பவருக்கு, அறிகுறி வாரியாக

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், தண்டவாளத்துக்குத் தெற்கே எங்கள் வீடு. மூன்று கோடைகளாக இங்கே இஞ்சி சோடா நொதிக்கவைத்து வருகிறேன். முதல் கோடையில் பதினொரு தடவை முயன்றேன். குடிக்கும்படி வந்தது இரண்டே தடவைதான். பிழை என் கையில் இருந்தது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பாதிப் பிழை செய்முறையில் இருந்தது. நமக்குக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை 20 டிகிரி அறையில், நல்ல தண்ணீர் குழாயில் வரும் ஊர்களில் எழுதப்பட்டவை. சித்திரையில் எங்கள் அடுப்படி 34 டிகிரி. தண்ணீரின் கதை உங்களுக்கே தெரியும்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தொடங்கும் ஆர்வத்தில் பட்டியல் போட்டு வாங்காதீர்கள். நான் வாங்கிய கண்ணாடிக் குடுவையும் மூடி அடிக்கும் கருவியும் பரண்மேல் தூசி படிந்து கிடக்கின்றன. மூடிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டன. வாய் அகன்ற ஒரு கண்ணாடி பாட்டில், எவர்சில்வர் பாத்திரம், பழைய வேட்டித் துணி, சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில்கள் நான்கு. தொடங்க இவை போதும். அடுத்து எதை வாங்குவது என்பதை வருகிற பிழையே சொல்லும். அதனால்தான் கருவிகளைத் தனியாக எழுதாமல் அந்தந்த அறிகுறியின் கீழே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. பீர், ஒயின் போன்றவற்றை வீட்டில் தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி (1937) குற்றம்; கள்ளுக்கும் விலக்கில்லை. இங்கே நான் சொல்வது இரண்டு நாளில் வாயு ஏறியதும் குளிர்பெட்டிக்குள் போய்விடும் சோடா. அப்படியும் ஈஸ்ட் இருக்கும் இடத்தில் துளி மதுவாவது உருவாகாமல் இருக்காது. கீழக்கரையில் இருந்து மதுவைத் தொடாத நண்பர்கள் வந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்களுக்குப் பானகம் கரைத்துக் கொடுக்கிறேன். குழந்தைகளுக்கும் பானகம்தான்.

அடிப்படைச் செய்முறை இதுதான். தயிருக்கு உறைமோர் போல இதற்கும் ஓர் உறை வேண்டும். அரை லிட்டர் தண்ணீரில் 20 கிராம் இஞ்சியைத் தோலோடு துருவிப் போட்டு, 20 கிராம் சர்க்கரை சேர்த்து, துணி கட்டி வையுங்கள். தினமும் 10 கிராம் இஞ்சியும் 10 கிராம் சர்க்கரையும் போட்டுக் கலக்குங்கள். நம் வெயிலில் மூன்றாம் நாள் நுரைக்க வேண்டும். பிறகு இரண்டு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் சர்க்கரையோ கருப்பட்டியோ, நசுக்கிய இஞ்சி 60 கிராம் போட்டுக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபின் இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் வடிகட்டிய உறை 100 மில்லியும் சேர்த்து, மேலே இரண்டு அங்குலம் இடம் விட்டுப் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைக்க வேண்டும். பாட்டில் இறுகியதும் குளிர்பெட்டி.

இனி, தவறுகள்.

மூன்று நாள் ஆகியும் உறையில் குமிழி இல்லை

முதலில் துருவலைப் பாருங்கள். இஞ்சித் துருவல் திரண்டு மேலே மிதந்தால், கண்ணுக்குக் குமிழி தெரியாவிட்டாலும் வாயு உருவாகிக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் இழைக்கும் அடியில் ஒட்டியிருக்கும் வாயுதான் அதைத் தூக்குகிறது. பாட்டிலைக் காதோடு சேர்த்து வைத்தால், மழைக்குப் பிறகு மணல் தண்ணீர் குடிக்கும்போது வருவது போல மெல்லிய சத்தம் கேட்கும். அப்படியென்றால் இன்னொரு நாள் பொறுங்கள். துருவல் முழுவதும் அடியில் படுத்துக் கிடந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் கவலை.

இங்கே முதல் சந்தேகம் தண்ணீர்மேல். நம் வீடுகளில் மூன்று வகைத் தண்ணீர் புழங்குகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருவது நல்ல தண்ணீர்; ஆனால் குளோரின் கலந்தது. கிருமியைக் கொல்லப் போட்ட மருந்து, நமக்கு வேண்டிய ஈஸ்டையும் விடாது. இரவே அகலப் பாத்திரத்தில் திறந்து வைத்துவிடுங்கள், அல்லது கொதிக்கவைத்து ஆற்றுங்கள். கேன் தண்ணீரில் குளோரின் தொல்லை அநேகமாக இல்லை. தாதுக்களை வடிகட்டிவிட்டிருப்பார்கள் என்றாலும் இஞ்சியிலும் சர்க்கரையிலும் இருப்பதை வைத்தே உறை பிழைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு நான் எடுப்பது கேன்தான்.

மூன்றாவது, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர்த் தண்ணீர். இதில்தான் நான் ஏமாந்தேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது குடிநீருக்கு நல்லது என்றும், வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தரநிலை சொல்கிறது. எங்கள் போர் அந்த இரண்டாவது எல்லையையும் தாண்டியது. உப்புதான் ஈஸ்டைக் கொன்றது என்று நினைத்தேன். அது சரியில்லை. இட்லி மாவில் இதைவிட அதிக உப்புப் போட்டும் பொங்குகிறதே. உண்மையான தொல்லை அந்தத் தண்ணீரின் காரத்தன்மை; மிளகாய்க் காரம் அல்ல, புளிப்புக்கு எதிரான குணம். உறை சீக்கிரம் புளிப்பேற வேண்டும். புளிப்புதான் கெட்ட கிருமிகளை வெளியே நிறுத்தும் வேலி. காரத்தண்ணீர் புளிப்பைத் தின்றுகொண்டே இருப்பதால் வேலி எழும்புவதற்குள் வேறு யாரோ குடியேறிவிடுகிறார்கள். பாதி எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஓரளவு சரியாகும். ஆனாலும் ருசியில் உவர்ப்பு நிற்கும்.

தங்கச்சிமடம் பக்கம் உறவு இருந்தால் அதிர்ஷ்டம். கடற்கரை மணலில் மழைநீர் உப்புநீருக்கு மேலாகத் தங்கி நிற்பதால் ஆழமில்லாத மணற்கிணறுகளில் இனிப்பான தண்ணீர் கிடைக்கும். கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் சுரக்கும் வில்லூண்டித் தீர்த்தத்தைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு குடம் எடுத்துவருகிறேன். கிணற்றுத் தண்ணீர் என்பதால் கொதிக்கவைத்த பிறகுதான் பயன்படுத்துகிறேன்.

இரண்டாவது சந்தேகம் இஞ்சி. கழுவி வெளுத்து மினுக்கிக்கொண்டிருக்கும் இஞ்சியைத் தள்ளிவிட்டு, மண் ஒட்டியதை வாங்குங்கள். ஈஸ்ட் தோலில்தான் இருக்கிறது. தோலைச் சீவினால் உறையைச் சீவி எறிந்ததுபோல. சுக்கு ருசிக்கு ஆகும், உறைக்கு ஆகாது.

மூன்றாவது, கருப்பட்டி. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி இருக்க வெள்ளைச் சர்க்கரை எதற்கு என்று உறைக்கும் அதையே போட்டேன். நான்கு நாள் அசைவே இல்லை. கருப்பட்டி கொண்டுவரும் அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால்தான் தம்பி அது பதநீர், தடவாமல் விட்டால் பொழுது விடிவதற்குள் கள் ஆகிவிடும் என்றார். அப்போதுதான் உறைத்தது. பதநீர் நொதிக்காமல் தடுக்கும் அதே சுண்ணாம்பின் மிச்சம் கருப்பட்டியிலும் இருக்கிறது. எல்லாக் கருப்பட்டியிலும் ஒரே அளவு இருப்பதில்லை. அதனால் ஒருமுறை நுரைக்கும், மறுமுறை நுரைக்காது. காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வோம். உறைக்கு வெள்ளைச் சர்க்கரை, சோடாவுக்குக் கருப்பட்டி என்று பிரித்துக்கொண்டபின் இந்தச் சிக்கல் வரவில்லை. சோடாவில் எலுமிச்சைச் சாறு சுண்ணாம்பைச் சமன் செய்துவிடுகிறது.

இந்த அறிகுறி உங்களை வாங்கவைக்க வேண்டிய கருவி ஒன்றுதான்: அமிலத்தைக் காட்டும் காகிதப் பட்டை. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். உறை மூன்றாம் நாள் 4க்குக் கீழே வந்துவிட்டால் நிம்மதி.

நன்றாக நுரைத்தது, மறுநாள் அடங்கிவிட்டது

பசி. வேறொன்றும் இல்லை. 34 டிகிரியில் உறை போட்ட சர்க்கரையை அரை நாளில் தின்றுவிடும். கோடையில் காலையும் மாலையும் பாதிப் பாதியாக ஊட்டுங்கள். பயணம் போவதாக இருந்தால் குளிர்பெட்டியில் வைத்து வாரம் ஒருமுறை ஊட்டினால் போதும்.

மேலே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது

வெள்ளை இரண்டு வகை. சுருக்கம் விழுந்த மெல்லிய ஆடை போல, ஊறவைத்த மாங்காய் ஜாடியில் வருவது போல, முழுப்பரப்பிலும் ஒரே தளமாகப் படர்ந்திருந்தால் அது காற்றில் வளரும் ஒருவகை ஈஸ்ட். ஆபத்து குறைவு, நாற்றம் கொஞ்சம். கரண்டியால் எடுத்துவிட்டு, சர்க்கரை போட்டு, அன்றாடம் இரண்டு முறை கலக்கினால் போய்விடும். கலக்காமல் விட்டதால்தான் அது வந்தது.

பஞ்சு போல உயர்ந்து நின்றால், பச்சை, கறுப்பு, சாம்பல் எந்த நிறம் தெரிந்தாலும், அது பூஞ்சணம். மேலே இருப்பதை எடுத்துவிட்டுக் கீழே இருப்பதைக் காப்பாற்றலாமா என்று கேட்காதீர்கள். வேர் கண்ணுக்குத் தெரியாது. கொட்டிவிடுங்கள். கொட்ட எனக்கும் மனம் வராது, 40 கிராம் இஞ்சிதானே என்று சொல்லிக்கொண்டு கொட்டுவேன். கார்த்திகை, மார்கழி ஈரக்காற்றில் இது அதிகம். பாட்டிலின் கழுத்தில் ஒட்டிய துருவல்தான் தொடக்கம். ஒவ்வொரு முறை கலக்கியபின்னும் கழுத்தைத் துடையுங்கள்.

அழுகிய முட்டை வாடை. அல்லது நெயில் பாலிஷ் வாடை

முட்டை வாடை கந்தகம். ஈஸ்ட் சிரமப்படும்போது விடும் மூச்சு. மூடியைத் திறந்து கலக்கி இரண்டு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

நெயில் பாலிஷ் வாடை வந்தால் வெப்பம் எல்லை மீறியிருக்கிறது, காற்றும் உள்ளே புகுந்திருக்கிறது. அந்த வாடை திரும்பிப் போகாது. அடுத்த தடவைக்கு இடத்தைக் குளிரவைப்பதுதான் வழி. ஈஸ்டுக்கு 25 முதல் 30 டிகிரி வரை சுகம். 35ஐத் தாண்டினால் அது தத்தளிக்கும், புளிப்புக் கிருமிகள் கொண்டாடும்.

முதலில் அண்டாவில் தண்ணீர் வைத்து, பாட்டிலை நடுவில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றினேன். கச்சான் அடிக்கும் மாதங்களில், தரையிலிருந்து வரும் அந்தக் காய்ந்த காற்றில், துணி விறுவிறுவென்று உலர்ந்து மூன்று நான்கு டிகிரி இறங்கியது. கொண்டல் திரும்பியதும் ஒன்றும் நடக்கவில்லை. கடலிலிருந்து வரும் காற்றே ஈரம். துணியிலிருந்து அது எதை வாங்கிக்கொள்ளும்?

பதிலை மீன் கரையில்தான் கண்டேன். மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி. பாம்பனிலோ மண்டபத்திலோ புதிதாக ஒன்று வாங்குங்கள். மீன் வைத்த பெட்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், எத்தனை கழுவினாலும் சோடாவில் கவிச்சி ஏறும். பெட்டிக்குள் பாட்டில்களை வைத்து, ஒரு லிட்டர் தண்ணீரை உறையவைத்த பிளாஸ்டிக் பாட்டிலைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று மாற்றினால் உள்ளே 27, 28 டிகிரி நிற்கிறது. ஒரு வெப்பமானியை உள்ளே போட்டுவையுங்கள். என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டிய இரண்டு பொருள்கள் இவைதான். விலை உயர்ந்த எதையும்விட இந்தப் பெட்டி என் சோடாவை மாற்றியது.

வெப்பமானிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொதித்த சாறு உண்மையிலேயே ஆறிவிட்டதா என்று பார்ப்பது. பாத்திரத்தின் வெளிப்புறம் ஆறியிருக்கும், நடுவில் 50 டிகிரி இருக்கும். அதில் உறையை ஊற்றினால் ஈஸ்டை வேகவைத்ததாகும். 35க்குக் கீழே இறங்கட்டும்.

கோழை போல நூல் இழுக்கிறது

கரண்டியைத் தூக்கினால் வெண்டைக்காய்ச் சாறு போல இழுபடும். பார்க்க அருவருப்பு. சர்க்கரையைக் கொழகொழப்பான பசையாக மாற்றும் பாக்டீரியா ஒன்று இருக்கிறது. கரும்புச்சாற்றிலும் பனஞ்சாற்றிலும் அது சகஜம். உறை இளசாக இருக்கும்போது இரண்டாம் நாளில் வந்தால் பொறுத்துப் பார்க்கலாம், புளிப்பு ஏறியதும் சில நேரம் தானே அடங்கும். பாட்டிலில் அடைத்த சோடாவில் வந்தால் கொட்டிவிட்டு எல்லாப் பாத்திரத்தையும் கொதிநீரில் போட வேண்டியதுதான்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு காரணம் உண்டு. போர்த் தண்ணீரில் கழுவிய கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படியும் அல்லவா? கண்ணுக்கு அது சுண்ணம். கிருமிக்கு அது வீடு. சோப்பு அதைத் தொடாது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள், திட்டு கரைந்துவிடும். பிறகு கொதிநீர். கண்ணாடியை முதலில் வெந்நீரில் சூடேற்றிவிட்டே கொதிநீர் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் விரிசல் விடும். பிளாஸ்டிக் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிப்போகும். அதற்கு வெதுவெதுப்பான நீரும் எலுமிச்சை உப்பும், கடைசியாகக் கொதித்து ஆறிய நீரில் ஓர் அலசலும். உள்பக்கம் கீறல் விழுந்த பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள்.

மண்பானையில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். அழகுதான். ஆனால் பானையின் நுண்துளைகளில் போன தடவையின் கிருமிகள் அத்தனையும் தங்கும். நல்ல தடவைக்குப் பிறகு அது வரம், கெட்ட தடவைக்குப் பிறகு சாபம். பழகும்வரை கண்ணாடியே நல்லது. அலுமினியம், பித்தளை, செம்பு மூன்றும் வேண்டவே வேண்டாம். புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

பாட்டிலில் வாயு ஏறவே இல்லை

உறை உயிரோடு இருந்தும் சோடா தட்டையாக இருந்தால் மூடியைப் பாருங்கள். வாயு உருவாகிறது, ஓடிவிடுகிறது. பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் பிடித்து அழுத்தினால் ஒழுகும் இடம் தெரியும். தண்ணீர் பாட்டில் மூடி இதற்கு ஆகாது. சோடா வந்த பாட்டில்தான் வேண்டும், அதன் சொந்த மூடியோடு.

கோலி சோடா பாட்டில் கிடைத்தால் பயன்படுத்தலாமே என்ற ஆசை எனக்கும் இருந்தது. 1872இல் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்து வளையத்தில் மேலே தள்ளி அடைக்கிறது. அதனால்தான் பாட்டிலைக் கவிழ்த்து, அழுத்தத்தோடு வாயுவை ஏற்றுகிறார்கள். நம் சோடாவில் வாயு மெல்ல மெல்ல வருகிறது. கோலி உட்காருவதற்குமுன் எல்லாம் போய்விடும்.

பாட்டில் கல்லாக இறுகிவிட்டது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இரண்டாவது கோடையில் பழச்சாறு வந்த கண்ணாடி பாட்டில் ஒன்று. பார்க்க அழகாக, நீள்கழுத்தோடு இருந்தது. சோடாவை அடைத்து மர அலமாரியில் வைத்தேன். மறுநாள் மாலை திறந்து பார்ப்பதாகத் திட்டம். அன்று மதியம் மின்சாரம் போய், இரவு வரை வரவில்லை. வீடு அடுப்பாகக் கொதித்தது. பத்து மணி இருக்கும், பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, மின்கம்பத்தில் ஏதோ வெடித்துவிட்டதா என்று கேட்டார். அலமாரிக் கதவைத் திறந்தபோது இஞ்சி வாசம் முகத்தில் அடித்தது. கதவின் உள்பக்கப் பலகையில், என் கண் உயரத்துக்கு, விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்று குத்தி நின்றது. கதவு மூடியிருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் என்னைக் காப்பாற்றவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஏறக்குறைய அரை கிராம் கரியமில வாயு வரும். நல்ல சோடா நுரைக்கு லிட்டருக்கு ஐந்து கிராம் வாயு போதும். அதாவது பத்துக் கிராம் சர்க்கரை. ஆனால் நாம் இனிப்புக்காகப் போட்டிருப்பது லிட்டருக்கு 75 கிராம். மீதி 65 கிராமும் பாட்டிலுக்குள் வெடிமருந்தாகக் காத்திருக்கிறது. ஈஸ்ட் தானாக நிறுத்தாது. நிறுத்துவது குளிர் மட்டுமே.

எனவே கண்ணாடி வேண்டாம். பிளாஸ்டிக் சோடா பாட்டில் அழுத்தத்தைத் தாங்கவே செய்யப்பட்டது. தவிர, அது பேசும். அடைத்த அன்று விரலால் அழுத்தினால் குழியும். நம் கோடையில் 18 மணி நேரத்தில் ரப்பர் பந்து போல எதிர்க்கும். வாங்கும்போது கடைச் சோடா இருக்கும் இறுக்கம் வந்ததும், மணி எதுவாக இருந்தாலும், குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். செய்முறையில் மூன்று நாள் என்று எழுதியிருந்தால் அது குளிர் நாட்டுக் கணக்கு. மார்கழியில் எனக்கே இரண்டு நாள் ஆகிறது, சித்திரையில் ஒரு நாள்கூட ஆவதில்லை.

ஏற்கெனவே கல்லாகிவிட்டதா? உடனே திறக்காதீர்கள். அடிப்பக்கம் உப்பி, நிற்க முடியாமல் ஆடினால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். தடித்த துண்டால் சுற்றி, அசைக்காமல் பனிக்கட்டித் தண்ணீரில் இரண்டு மணி நேரம் வைத்து, பிறகு முகத்தை விலக்கி மூடியைக் கால் திருகல் மட்டும் திருப்புங்கள். சீறல் அடங்கட்டும், மறுபடியும் கால் திருகல். குளிர்ந்த நீர் வாயுவைத் தன்னுள் வைத்துக்கொள்ளும், சூடான நீர் துப்பிவிடும். வெதுவெதுப்பான பாட்டிலைத் திறந்தால் பாதிச் சோடா கூரையில் இருக்கும்.

மின்வெட்டு நீண்டால் குளிர்பெட்டியில் இருக்கும் பாட்டில்களும் விழித்துக்கொள்ளும். அழுத்திப் பார்த்து, வேண்டுமென்றால் வாயுவை விட்டுவிடுங்கள். நான் அதன்பின் எல்லாப் பாட்டிலையும் மூடிய தெர்மாகோல் பெட்டிக்குள்தான் வைக்கிறேன். ஒரு வாரத்துக்குமேல் எதையும் சேர்த்துவைப்பதும் இல்லை.

அடியில் கசடு

வெண்மையாக, அசைத்தால் புகை போல எழுந்தால் அது ஈஸ்ட். கலங்காமல் மேலாக ஊற்றிக் குடியுங்கள், அடியில் இரண்டு விரல்கடை விட்டுவிடுங்கள். கனமாக, எழுந்த உடனே மறுபடியும் படிந்தால் கருப்பட்டியில் வந்த சுண்ணாம்பும் மணலும். கொதித்த கரைசலை ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து, தெளிவை மட்டும் இறுத்து வேட்டித் துணியில் வடிகட்டினால் வராது. துணியை நான்காக மடியுங்கள். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், நன்றாகத் துவைத்தது வேண்டும்.

மானி தப்பாகக் காட்டுகிறது

கரைசலில் சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, அடர்த்திமானி என்று தனியாக ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானி போதும். அதில் 0 என்பது தண்ணீர், 28 என்பது தண்ணீரைவிட ஆயிரத்தில் 28 பங்கு கனம். நம் சோடாக் கரைசல் அடைக்கும்போது சுமார் 27, 28 காட்டும். கருப்பட்டியில் ஈரம் இருப்பதால் அதில் ஒன்றிரண்டு குறையும். மூன்று நான்கு எண் இறங்கினால் வேண்டிய வாயு வந்தாயிற்று. அதற்குமேல் இறங்க விட்டால் சோடா வேறொன்றாக மாறத் தொடங்கிவிட்டது. சட்டமும் அங்கேதான் குறுக்கே நிற்கிறது.

எண் நம்பும்படி இல்லையென்றால் இரண்டு காரணங்கள். ஒன்று வெப்பம். மானி எந்த வெப்பத்துக்கு அளவிடப்பட்டது என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். 20 டிகிரிக்குச் செய்ததை 32 டிகிரித் தண்ணீரில் விட்டால் மூன்று எண் குறைவாகக் காட்டும். கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் கேன் தண்ணீரை அதே அறையில் வைத்து அதில் மிதக்கவிடுங்கள். 0க்கு எவ்வளவு கீழே காட்டுகிறதோ அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். மற்றொன்று குமிழி. மானியின் வயிற்றில் ஒட்டும் குமிழிகள் அதைத் தூக்கிவிடும். சோடாவை இரண்டு டம்ளருக்கு மாற்றி மாற்றி, காபி ஆற்றுவது போல ஆற்றி வாயுவைப் போக்கிவிட்டு, மானியைச் சுழற்றிவிட்டுப் பாருங்கள்.

சமையல் தராசும் இங்கே ஏமாற்றும். மின்கலம் தொடும் தகட்டில் பச்சைத் துரு பிடித்ததும் எண் தடுமாறும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, டப்பாவில் மூடிவையுங்கள். ரப்பர் வளையங்களும் ஒரு மழைக்காலம் தாங்காது. துணியை நூலால் கட்டுங்கள். நூல் தளர்ந்த இரவில் பழ ஈ உள்ளே போய்விடும், அதன் காலோடு காடிக் கிருமியும் போகும்.

சுளீரென்று புளித்துவிட்டது

காற்றுப் பட்டிருக்கிறது, அல்லது நாள் கடந்துவிட்டது. திரும்ப இனிக்காது. சர்க்கரை போட்டு மறைக்கலாம் என்று நினைத்தால் மறுபடியும் நொதிக்கும். மற்றபடி வாடை சரியாக இருந்தால் கொட்ட வேண்டியதில்லை. சாளை, சூடை மீன் கழுவும்போது கடைசி அலசலுக்கு ஒரு கிண்ணம் ஊற்றினால் கவிச்சி நன்றாகப் போகிறது. வெங்காயப் பச்சடிக்கும் ஆகிறது. நாள்பட வைக்கும் ஊறுகாய்க்கு மட்டும் இதை நம்பாதீர்கள், அதற்கு வேண்டிய அளவு புளிப்பு இதில் ஏறியிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

புளித்ததைத் தனி பாட்டிலில் ஊற்றிப் பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டாமல் வைத்திருந்ததை, வெயிலில் வந்த சித்தப்பா முழுச் செம்பாக ஊற்றிக் குடித்துவிட்டார். முகம் சுளித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இஞ்சி நன்றாக இருக்கிறது, எலுமிச்சம்பழம்தான் ஒன்று கூடிப்போனது என்றார்.